தேங்கிய சரக்கும் ஒரு முதலாளியும்

ஒசாகா நகரின் நிப்போன்பாஷி வட்டாரத்தை உள்ளூர்க்காரர்கள் டென்டென் டவுன் என்கிறார்கள். டோக்கியோவுக்கு அகிஹபாரா எப்படியோ ஒசாகாவுக்கு இது. நம்பா நிலையத்தில் இறங்கிப் பொடிநடையாகப் போய்விடலாம். ஒரு காலத்தில் வானொலிக்கும் டேப் ரெக்கார்டருக்கும் ஆட்கள் மொய்த்த தெரு. இன்று பாதிக் கடைகளில் கார்ட்டூன் பொம்மைகளும் சீட்டுக்கட்டுகளும்தான். ஆனால் பக்கச் சந்துகளில் நுழைந்தால் ரெசிஸ்டரைச் சில்லறையாக விற்கும் கடைகளும், பழைய ஆம்ப்ளிஃபயர்களைத் துடைத்து அடுக்கி வைத்திருக்கும் கடைகளும் இன்னும் இருக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் சுற்றிய கால்களுக்கு இங்கே வழி கேட்கத் தேவையில்லை.

அப்படி ஒரு கடையின் அடித்தட்டில் நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் ஒன்று இருந்தது. எழுபது, எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்திறங்கிய அதே ரகம். பூத்தையல் போட்ட உறைக்குள் வைத்து, கல்யாண வீட்டுக்கு மட்டும் வெளியே எடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நம் ஊர்க் கடைகளில் விற்ற நிப்போ பேட்டரியும் அந்த ஜப்பானிய நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு வந்ததுதான். இவ்வளவு நெருக்கமாக நம் வீடுகளுக்குள் வந்த அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் கோனோசுகே மாட்சுஷிதா. அவர் வாழ்ந்து தொழில் நடத்திய இடங்களைப் பார்க்கத்தான் ஒசாகா வந்திருந்தேன்.

தொழில் தலைமை பற்றி எழுதப்படும் புத்தகங்கள் பெரும்பாலும் வெற்றியிலிருந்து பின்னோக்கிப் போகின்றன. பொருள் விற்றுக்கொண்டிருக்கும்போது முதலாளிகளுக்குள் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை என்பது என் எண்ணம். கிடங்கு நிரம்பி, புதுச் சரக்கை வைக்க இடமில்லாமல் போகும் நாளில் ஒருவர் என்ன உத்தரவு போடுகிறார்? மாட்சுஷிதாவின் வாழ்க்கையில் அப்படிப்பட்ட நாட்கள் இருந்தன. அவர் இறந்த பிறகு அவருடைய நிறுவனத்துக்கும் வந்தன. இந்தப் பயணத்தில் என் கவனமெல்லாம் அந்த நாட்களின் மேல்தான்.

உடன் வந்தவன் கும்பகோணத்துத் தம்பி ஒருவன். ஒசாகாவில் மென்பொருள் வேலை, ஜப்பானிய மொழி சரளம். முதலில் ஓஹிராகிக்குப் போனோம். ஹான்ஷின் நோதா நிலையத்துக்குப் பக்கம். 1918 மார்ச் 7 அன்று தொழில் தொடங்கிய வட்டாரம் இதுதான் என்பதற்கு ஒரு பூங்காவில் நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். சுற்றிலும் சாதாரண வீடுகள், சைக்கிள்கள், துணி காயும் மாடிகள். பார்க்க அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அங்கிருந்து கியோபாஷி வந்து கெய்ஹான் ரயிலில் வடகிழக்கே போனால் கடோமா. நாங்கள் இறங்க வேண்டிய நிஷிசன்சோ நிலையத்தில் பெரும்பாலான விரைவு வண்டிகள் நிற்காது, அங்கே நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏற வேண்டும். 1933-இல் மாட்சுஷிதா தலைமையகத்தை இங்கே மாற்றியபோது பலர் தடுத்தார்களாம். வடகிழக்கு பேய் புகும் திசை என்பது ஜப்பானிய நம்பிக்கை. நம் ஊரில் வாஸ்து பார்த்து வாசலை இடிப்பவர்களுக்கு இந்தப் பயம் புரியும். ஜப்பான் நாடே தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத்தானே நீண்டு கிடக்கிறது, அப்படியானால் குடியிருக்க எங்கே இடம் என்று கேட்டுவிட்டு அவர் கட்டடம் கட்டினார். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், அந்தக் கட்டடத்தின் வடிவிலேயே எழுப்பப்பட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. நிறுவனத்தின் நூற்றாண்டான 2018-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏப்ரல் தொடக்கம் என்பதால் பக்கத்துத் தோட்டத்தில் செர்ரி மரங்கள் பூத்திருந்தன. உள்ளே கறுப்பு கோட் அணிந்த இளைஞர் கூட்டம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் போல. கையில் குறிப்பேடு.

அவருடைய கதை வகாயாமா கிராமத்தில் தொடங்குகிறது. பிறப்பு 1894. அப்பா அரிசி ஊகவணிகத்தில் இறங்கி நிலத்தை இழந்தார். ஒன்பது வயதில் படிப்பை நிறுத்திவிட்டுப் பையன் ஒசாகாவுக்கு வந்தான். கரிக்கணப்பு விற்கும் கடையில் எடுபிடி, பிறகு சைக்கிள் கடை. 1910-இல் மின்விளக்கு நிறுவனத்தில் வேலை. அங்கே அவர் செய்த புது பல்பு ஹோல்டரை மேலதிகாரி ஏற்கவில்லை. 1917-இல் வேலையை விட்டு, மனைவி முமெனோவோடும் மைத்துனன் தோஷியோ இயுவேயோடும் வீட்டிலேயே பட்டறை போட்டார். இயுவே அப்போது பதின்வயதுப் பையன். ஹோல்டரின் கறுப்பு உடம்பைச் செய்யும் கலவை எப்படி என்பதே அவர்களுக்குத் தெரியாது. பழைய சகா ஒருவரிடம் கேட்டுத்தான் கற்றார்கள். செய்த ஹோல்டர்கள் ஏறத்தாழ நூறுதான் விற்றன. முமெனோ தன் கிமோனோக்களை ஒவ்வொன்றாக அடகுக்கடைக்கு எடுத்துப் போனார். மின்விசிறிக்கு ஆயிரம் காப்புத் தட்டு வேண்டுமென்று ஓர் ஆர்டர் வந்த பிறகே குடும்பம் மூச்சு விட்டது.

ஓஹிராகி பட்டறையின் மாதிரியை உள்ளே அமைத்திருக்கிறார்கள். நம் ஊர் லேத் பட்டறையை விடச் சிறிய இடம். இருவிளக்கு பிளக் அருகில் நான் நெடுநேரம் நின்றேன். அன்றைய வீடுகள் பலவற்றில் மின்சாரம் வருவதற்கு வழி ஒன்றே ஒன்று, கூரையிலிருந்து தொங்கும் பல்பு ஹோல்டர். இஸ்திரிப்பெட்டி போட வேண்டுமானால் பல்பைக் கழற்ற வேண்டும். ஒரு ஹோல்டரில் இரண்டு வாய் வைத்துக் கொடுத்தால் வெளிச்சமும் இருக்கும், துணியும் மடியும். கைக்குள் அடங்குகிற சாமான்தான். ஆனால் இருட்டில் இஸ்திரி போட்ட பெண்ணை நினைத்துப் பார்த்த ஒருவரால்தான் அதைச் செய்திருக்க முடியும்.

அதற்கடுத்தது 1923-இன் சைக்கிள் விளக்கு. பீரங்கிக் குண்டு போல் கூம்பிய மரக்கூடு, முன்னால் கண்ணாடி, உள்ளே பேட்டரி. அப்போது சைக்கிளில் போனவர்கள் மெழுகுவத்தியையோ எண்ணெய் விளக்கையோ நம்பினார்கள், காற்றடித்தால் அணைந்துவிடும். பேட்டரி விளக்கும் இருந்ததுதான், ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துபோகும். மாட்சுஷிதா மின்சாரத்தை மிகக் குறைவாகக் குடிக்கும் சிறு பல்பைப் போட்டு, ஆறு மாதங்களில் நூறை ஒட்டிய மாதிரிகள் செய்து பார்த்து, முப்பது நாற்பது மணி நேரம் எரியும் விளக்கைக் கொண்டுவந்தார். எந்தக் கடைக்காரரும் வாங்கவில்லை. பேட்டரி விளக்கென்றாலே வாடிக்கையாளர் திட்டுவார்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். மர உறைகளை மொத்தமாக ஆர்டர் கொடுத்தாயிற்று. வீடு நிறைய விளக்கு.

அவர் ஆட்களை வைத்துக் கடைகடையாக விளக்குகளைக் கொண்டுபோய்ப் போட்டார். காசு வேண்டாம், ஒன்றை இப்போதே ஏற்றி வையுங்கள், எத்தனை மணிக்கு அணைகிறது என்று பாருங்கள், சொன்னபடி எரிந்தால் மற்றவற்றை விற்றுப் பணம் கொடுங்கள். அவ்வளவுதான் பேச்சு. கடைக்காரர் கண்ணெதிரே விளக்கு ஒரு பகல், ஒரு இரவு தாண்டி எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. பிறகு ஆர்டர்கள் வந்தன. 1927-இல் நேஷனல் என்று பெயரிட்ட சதுர விளக்குக்கு இதையே பெரிய அளவில் செய்தார். பத்தாயிரம் விளக்குகளை இலவசமாகக் கொடுக்கத் திட்டம். அதற்கான பேட்டரிகளை ஒகாடா என்ற பேட்டரிக்காரரிடம் இலவசமாகவே கேட்டார். ஆண்டுக்குள் இரண்டு லட்சம் பேட்டரி விற்றுக் காட்டினால் மட்டும் அந்தப் பத்தாயிரத்துக்குக் காசு வாங்காதீர்கள் என்பது நிபந்தனை. விற்றது நான்கு லட்சத்து எழுபதாயிரம்.

இதை வெறும் விற்பனை உத்தி என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. கடைக்காரரின் பயம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பயத்தின் விலையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார் என்பதே இதில் பெரிய சங்கதி.

1929 பற்றிய பகுதிக்கு வந்தபோது அந்தப் புது ஊழியர் கூட்டமும் அங்கே நின்றிருந்தது. உலகப் பெருமந்தம், ஜப்பானில் பட்டறைகள் மூடப்படுகின்றன. டிசம்பரில் மாட்சுஷிதாவின் விற்பனை பாதியாகச் சரிந்தது. கிடங்கில் மேலும் அடுக்க இடமில்லை. அவரோ உடம்பு சரியில்லாமல் படுக்கையில். இயுவேயும் இன்னொரு மேலாளரும் அவரைப் பார்க்கப் போய், ஆட்களில் பாதியைக் குறைத்தால்தான் தப்பலாம் என்றார்கள். கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: இன்றிலிருந்தே உற்பத்தியைப் பாதியாக்குங்கள். ஒருவரையும் நிறுத்தக் கூடாது. ஆலை அரை நாள்தான் ஓடும், சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. ஆனால் விடுமுறை மறந்து எல்லோரும் சரக்கை விற்க வேண்டும்.

லேத் ஓட்டியவரும் கணக்கு எழுதியவரும் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பிப்ரவரிக்குள் கிடங்கு காலி. அரை நாள் வேலையை முழு நாளாக்கியும் ஆர்டருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

இந்தக் கதையை ஜப்பானில் தெரியாதவர் குறைவு. சொல்பவர்கள் எல்லோரும் ஒருவரையும் நிறுத்தாதே என்ற இரண்டாவது வாக்கியத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். கருணை என்கிறார்கள். கருணைதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாக்கியம் இருக்கிறது. இன்றிலிருந்தே உற்பத்தியைப் பாதியாக்கு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றோ, சந்தை திரும்பினாலும் திரும்பும் என்றோ அவர் இழுக்கவில்லை. இயந்திரத்தை அன்றே நிறுத்தியதால்தான் சரக்கு மேலும் பெருகாமல் நின்றது. இருப்பதை விற்றால் போதும் என்ற நிலை வந்தது. அந்த முதல் வாக்கியம் தாமதமாகியிருந்தால் இரண்டாவதைச் சொல்ல அவரிடம் காசு இருந்திருக்காது.

1932-இல் ஊழியர்களைக் கூட்டி 250 ஆண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தார். குழாய்த் தண்ணீர் போல் பொருள்களைப் பெருக்கி மலிவாக்கி வறுமையை ஒழிப்பது தொழிலின் கடமை என்றார். பெரிய பேச்சு. எனக்கு அதைவிட அதே ஆண்டு அவர் செய்த ஒரு காரியம் பிடித்திருக்கிறது. வானொலித் தயாரிப்புக்கு இன்றியமையாத காப்புரிமைகள் ஒரு கண்டுபிடிப்பாளரின் கையில் இருந்து தொழிலையே முடக்கிக்கொண்டிருந்தன. மாட்சுஷிதா அவற்றை விலைக்கு வாங்கி, போட்டியாளர்கள் உட்பட எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். காப்புரிமை வழக்குகளிலேயே கைபேசி நிறுவனங்கள் ஆண்டுகளைக் கழிக்கும் காலத்தில் இதைப் படிக்கும்போது ஏக்கமாக இருக்கிறது.

பக்கத்துக் கட்டடத்தில் பொருள்கள். இஸ்திரிப்பெட்டி, வானொலி, சலவை இயந்திரம், அரிசிக் குக்கர், தொலைக்காட்சி எனப் பல நூறு சாதனங்கள். 1952-இல் நெதர்லாந்தின் பிலிப்ஸோடு கூட்டு வைத்தபோது அவர்கள் தொழில்நுட்பக் கட்டணம் கேட்டார்கள். சரி, ஆலையை நடத்தப்போவது நாங்கள், எங்கள் நிர்வாகத்துக்கும் கட்டணம் கொடுங்கள் என்றது மாட்சுஷிதா தரப்பு. பிலிப்ஸுக்கு 4.5 சதவீதம், மாட்சுஷிதாவுக்கு 3 சதவீதம் என்று முடிந்தது. போரில் தோற்று ஏழு ஆண்டே ஆன நாட்டின் வியாபாரி இப்படிக் கேட்டிருக்கிறார்.

நான் எதிர்பார்த்து வந்த இன்னொரு இடம் 1964, அதாமி. கடலோர வெந்நீர் ஊற்று நகரம், உல்லாசப் பயணிகள் போகும் ஊர். அந்த ஜூலையில் நாடெங்குமுள்ள தன் விற்பனை நிறுவனங்களின் தலைவர்களை மாட்சுஷிதா அங்கே ஒரு ஹோட்டலில் கூட்டினார். அப்போது அவர் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகித் தலைவர் பதவியில் மட்டும் இருந்தார், வயது 69. சலவை இயந்திரமும் தொலைக்காட்சியும் பெரும்பாலான வீடுகளுக்குப் போய்விட்டதால் சந்தை மந்தம். நிறுவனத்தின் கணக்கில் விற்பனை நடந்ததாகத்தான் இருந்தது. உண்மையில் சரக்கு ஆலையின் கிடங்கிலிருந்து டீலர்களின் கிடங்குக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவே. ஏறத்தாழ 170 நிறுவனங்களில் லாபத்தில் இருந்தவை இருபதை ஒட்டி.

மூன்று நாள் கூட்டம். முதல் இரண்டு நாளும் சண்டைதான். டீலர்கள் குற்றம் சாட்டினார்கள், மாட்சுஷிதா மேடையில் நின்றபடியே பதில் சொன்னார், உங்கள் நிர்வாகத்தில் கோளாறு இல்லையா என்று திருப்பியும் கேட்டார். மூன்றாம் நாள் அவர் பேச்சு மாறியது. முன்பு பல்பு செய்யத் தொடங்கிய காலத்தில், தரம் இன்னும் எட்டாத எங்கள் பல்பை நம்பி வாங்கி விற்றவர்கள் நீங்கள்தான், இன்றைய நிலைக்குக் காரணம் நாங்கள்தான் என்றார். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதார். எதிரில் இருந்தவர்களில் பலரும் அழுதார்கள். ஒன்றாக வாழ்வோம், ஒன்றாக வளர்வோம் என்ற பொருளில் தன் கையால் எழுதிய அட்டைகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்.

கண்ணீரோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த மாதமே அவர் விற்பனைத் துறைத் தலைவரின் இடத்தில் தானே உட்கார்ந்தார். டீலர்களின் எல்லைகளைச் சீராக்கி, தவணைச் சிக்கல்களைக் குறைத்து, சரக்கைத் தள்ளிவிடும் பழக்கத்தை நிறுத்தும் புது விற்பனை முறையைக் கொண்டுவந்தார். அதன் முதல் பலன் நிறுவனத்தின் சொந்த வருமானம் குறைவது என்று தெரிந்தே கொண்டுவந்தார்.

வெளியே வந்து கடைத்தெருவில் நடந்தபோது ஒரு சிறிய பானாசோனிக் கடை கண்ணில் பட்டது. நேஷனல் ஷாப் என்ற பெயரில் ஊருக்கு ஊர் பரவிய குடும்பக் கடைகளின் வாரிசு. வாசலில் வேன், உள்ளே நான்கைந்து பல்புப் பெட்டி, ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு சலவை இயந்திரம். கடையை நடத்துபவர் எழுபதைத் தாண்டியவர், மனைவி கணக்குப் பார்க்கிறார். தம்பி பேச்சுக் கொடுத்தான். விலையில் ஒசாகா உமேதாவின் பெரிய கடைகளோடு போட்டி போட முடியாது என்று அவரே சொன்னார். அவருடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஏணி ஏறி விளக்கு மாற்ற முடியாதவர்கள், ஏசி ரிமோட்டில் எதை அழுத்துவதென்று குழம்புபவர்கள். அன்று மாலையும் ஒரு பாட்டி வீட்டுக் குளியலறை விசிறிக்காகப் போக வேண்டியிருந்தது.

"அண்ணா, இவங்க அப்பா காலத்துக் கடையாம். அதாமி கூட்டம் பத்தி அப்பா சொல்லிச் சொல்லி இவருக்கு மனப்பாடமாம்" என்றான் தம்பி.

"இப்போ கம்பெனில யாராவது வந்து இவங்களைக் கேக்கறாங்களான்னு கேளுடா" என்றேன்.

கேட்டான். பெரியவர் கொஞ்சம் யோசித்து, விற்பனைப் பிரதிநிதி வருவார், நல்ல பையன், ஆனால் அவனுக்கும் மேலே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்றார்.

மாட்சுஷிதா 1989-இல், 94 வயதில் இறந்தார். அருங்காட்சியகத்தில் அவருக்குப் பிந்தைய சோதனைகளுக்குத் தனிச் சுவர் எதையும் நான் காணவில்லை. 2001 நிதியாண்டில் நிறுவனம் 43,000 கோடி யென் அளவுக்கு நட்டம் கண்டது. தலைவராக இருந்த குனியோ நகமுரா, நிறுவனர் வகுத்த பிரிவு அமைப்பையே கலைத்தார். முன்கூட்டிய ஓய்வுத் திட்டத்தில் 13,000 பேர் அளவில் வெளியேறினார்கள். அடுத்து நிறுவனம் பிளாஸ்மா தொலைக்காட்சியில் முழுப் பணத்தையும் இறக்கியது. ஒசாகாவுக்கு மேற்கே அமகசாகியில் கடலோரமாக அடுத்தடுத்துப் பெரும் ஆலைகள். எல்சிடி திரைகளின் விலை சரிந்துகொண்டே வந்தபோதும் கடைசி ஆலை கட்டி முடிக்கப்பட்டு 2010 வாக்கில் ஓடத் தொடங்கியது. பிளாஸ்மா உற்பத்தியை அடியோடு நிறுத்தியது 2013 டிசம்பரில். இடையே 2011, 2012 நிதியாண்டுகளில் முறையே 77,220 கோடி யென், 75,430 கோடி யென் நட்டம். அதில் சான்யோவை வாங்கிய சுமையும் சேர்ந்திருந்தது. சான்யோ யாருடையது? 1929-இல் நோயாளியின் படுக்கையருகே போய் நின்ற தோஷியோ இயுவே 1947-இல் தொடங்கியது. மைத்துனர்களின் இரு நிறுவனங்களும் 2009-இல் ஒன்று சேர்ந்தன.

2025 மே மாதம், லாபத்தில் இருக்கும்போதே, பானாசோனிக் 10,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. பாதி ஜப்பானில், பாதி வெளிநாடுகளில். இன்றைய தலைவர் யூகி குசுமி தன் ஊதியத்தில் ஒரு நல்ல பகுதியை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். அதை நான் மதிக்கிறேன். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குங்கள் என்று இன்று யாரும் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். 1929-ஐ அப்படியே திருப்பிச் செய்யச் சொல்பவர்கள் அன்றைய பட்டறையின் அளவை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அமகசாகியில் நடந்த தவறுக்குக் காரணம் அளவல்ல. அவ்வளவு பெரிய நிறுவனத்தில் 2008-இலோ 2009-இலோ இன்றே நிறுத்து என்று சொல்ல ஒரு குரல் எழவில்லை, அல்லது எழுந்த குரல் மேலே போய்ச் சேரவில்லை. நிறுத்த வேண்டிய இயந்திரத்தை நிறுத்தத் தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் விலை கொடுத்தவர்கள் அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள்.

திரும்பும் ரயிலில் இதைத்தான் தம்பியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். மோரிகுச்சி தாண்டியதும், "எங்க ஆபீஸ்லயும் ஒரு ப்ராஜெக்ட் இருக்குண்ணா. தேறாதுன்னு எல்லாருக்கும் தெரியும். வாரா வாரம் மீட்டிங், யாரும் நிறுத்துன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. இப்போ புதுசா நாலு பேரை வேற எடுக்கறாங்க" என்றான்.

"நீ சொல்லலாமே?"

"திங்கட்கிழமை மீட்டிங் இருக்கு" என்றான். எந்தக் கணக்கை எடுத்துப் போனால் மேலே இருப்பவர்கள் காது கொடுப்பார்கள் என்று பேசத் தொடங்கி, கியோபாஷி வரைக்கும் அதையே பேசினோம்.